வேற்றிழை நுழைந்த போர்வை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் ஒரு போர்வை மடித்து வைத்திருக்கிறேன். எட்டரை அடி நீளம், ஐந்தடி அகலம். கையில் எடுத்தால் பிறந்த குழந்தையைத் தூக்கியது போல இருக்கும். என் பீரோவின் மேல் இருந்தாலும் அது என்னுடையது அல்ல. 12 வீட்டுக்குச் சொந்தம். அதை எப்படித் தைத்தோம் என்று சொல்லத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள்.

நான் இருப்பது திருப்பூரில், ஒரு லைன் வீட்டில். லைன் வீடு பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரெதிரே இரண்டு வரிசை, வரிசைக்கு 6 வீடு, நடுவில் சிமெண்ட் நடை. ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து அறை, மூலையில் சமைக்க ஒரு மேடை. நடையின் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும், மறு முனையில் துவைக்கிற கல். எங்கள் லைனில் அந்த ஊரிலேயே பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் திண்டுக்கல் பக்கம். எதிர் வீட்டு அக்காவுக்குத் தேனி. அடுத்த வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். கடைசி வீட்டில் பீகாரில் முசாபர்பூர் பக்கத்துக் குடும்பம். எங்கள் எல்லோரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது பனியன்தான். நான் 19 வருடம் பவர் டேபிள், அதாவது கரண்டில் ஓடுகிற தையல் மெஷின், ஓட்டினேன். கண் மங்க ஆரம்பித்ததும் வீட்டிலேயே ரவிக்கை தைக்க உட்கார்ந்துவிட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனி இல்லை, கூலியும் இல்லை. மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். எங்கள் லைனில் ஒரே வாரத்தில் 5 வீடு காலியானது. கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் போனார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கொடிக்கயிற்றில் ஒரு சின்னச் சட்டை மட்டும் தொங்குகிறது. நாலாம் வகுப்புப் படித்த பையனின் யூனிபார்ம் சட்டை. பள்ளிக்கூடம் மூடிய பிறகும் வீட்டில் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிவான். ஈரமாக இருந்ததால் எடுக்க மறந்திருப்பார்கள். மூன்று நாள் அது அப்படியே தொங்கியது. எங்களில் யாருக்கும் அதைத் தொட மனசு வரவில்லை. நான்காம் நாள் மழைக்காற்று அடித்தது. நான் எடுத்து மடித்து வைத்தேன்.

அந்தக் குடும்பம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

முசாபர்பூர்க் குடும்பம் அடுத்த வருடம் வந்துவிட்டது. அந்தப் பெண் அப்போது மாசமாக இருந்தாள். மத்தியானம் வேலை முடித்துவிட்டு வாசலில் உட்காருவாள். பழைய சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிட்டு, ஊசியை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே போவாள். சின்னச் சின்ன ஓட்டுத் தையல். வேறு எந்த வித்தையும் கிடையாது. என்ன தைக்கிறாய் என்று கேட்டேன். "சுஜனி" என்றாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிக்க. அவர்கள் பக்கத்தில் காலம் காலமாகத் தைப்பது. கந்தல் துணிக்கென்றே அங்கே ஒரு தெய்வம் உண்டு, சிதிரியா மா என்று பெயர்.

எனக்கு அது வேற்றூர் வழக்கமாகவே படவில்லை. நம் பக்கத்திலும் பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியில்தானே படுக்கை போடுகிறோம்? தூளி கட்டுவது அம்மாவின் நூல் சேலையில்தான். பல பேர் உடம்பில் கிடந்து, நூறு தடவை துவைத்து, நைந்து போன துணிதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது, என் பாட்டிக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் நூல் வாங்கவில்லை என்பதைத்தான் நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். கிழிந்த சேலையின் கரையிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி, மூன்று நான்கைச் சேர்த்து, தொடையில் வைத்து உருட்டித் திரித்துக்கொண்டாள். வங்காளத்தில் இதே மாதிரி பழைய சேலையில் காந்தா என்ற விரிப்பைத் தைத்த பெண்களும் முன்பெல்லாம் இப்படிக் கரையிலிருந்துதான் நூல் எடுத்திருக்கிறார்கள். நான் ஒரு கோன் நூலை எடுத்து நீட்டினேன். "வேண்டாம் அக்கா, இது நல்லா புடிக்கும்" என்று சிரித்தாள். 19 வருடத்தில் எத்தனை ஆயிரம் கோன் நூலைத் தீர்த்திருப்பேன்! சேலைக்குள்ளேயே நூல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று ராத்திரி அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். லைனில் இருக்கிற, இருந்த எல்லா வீட்டுத் துணியும் சேர்த்து ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

முதலில் ஒரு தாளில் வரைந்தேன். நடுவில் பெரிய மரம். சுற்றிலும் கைகோத்து நிற்கிற மனிதர்கள். என் மகள் பார்த்துவிட்டு, "நம்ம லைன்ல மரம் எங்கேம்மா இருக்கு?" என்றாள். உண்மைதான். மரமும் கிடையாது, நாங்கள் கைகோத்து நின்றதும் கிடையாது. நாங்கள் சேர்ந்து நின்றதெல்லாம் தண்ணீர் வருகிற நாளில் குடத்தோடு வரிசையில்தான். ஒற்றுமை என்றதும் மனசுக்குள் வருகிற படம் யாரோ எப்போதோ வரைந்து வைத்த படம். அதைத் தைத்தால் எந்த ஊரில் வேண்டுமானாலும் மாட்டலாம், எங்கள் லைனுக்கு அதில் இடம் இருக்காது. தாளைக் கிழித்துவிட்டு, எங்கள் லைனை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்தேன். வரிசைக்கு 6 கட்டம், இரண்டு வரிசை, நடுவில் ஒரு நடை. வீடெல்லாம் ஒரே அளவு, அதனால் கட்டமும் ஒரே அளவு, 14 அங்குலம்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். உங்கள் வீட்டில் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருக்கிற துணி ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று. அந்தத் துணி இல்லாத வீடு ஏது? ஒரே நாளில் சேர்ந்துவிட்டது.

அப்புறம் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தேனி அக்கா அவருடைய அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கொடுத்தார். நான் கம்பெனிப் பழக்கத்தில் மேசையில் விரித்து, கறை இல்லாத, நைந்து போகாத நல்ல இடமாகப் பார்த்து, ஸ்கேல் வைத்து ஒரு சதுரம் வெட்டினேன். மிச்சத்தைக் கீழே தள்ளினேன். அக்கா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த முந்தானை முனையைக் குனிந்து எடுத்தார். அந்த முனை மட்டும் கசங்கிப்போய், எத்தனை தேய்த்தாலும் நிமிராத மாதிரி சுருண்டு கிடந்தது. "அம்மா சில்லறை முடிஞ்சு வைக்கிற முனை இது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் வெட்டி வைத்திருந்த சதுரம் வெறும் சுங்குடித் துணி. கடையில் போனால் யாருக்கும் கிடைக்கும். அவருடைய அம்மா இருந்தது அந்த முனையில்.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் ஒரே சட்டம்: அவரவர் துணியை அவரவர்தான் வெட்ட வேண்டும். கத்தரிக்கோலை நான் தொடமாட்டேன். வந்தது எதுவும் சதுரமாக வரவில்லை. ஒருத்தர் லுங்கியின் மூட்டுத் தையலோடு ஒரு நீளப் பட்டை வெட்டினார். ஒரு பாட்டி, போய்ச் சேர்ந்த வீட்டுக்காரரின் வேட்டிக் கரையை மட்டும் ஒரு முழம் கொடுத்தார். பழைய வேட்டித் துணியில் 14 அங்குலக் கட்டங்களை அடித்துணியாக வெட்டி, அவற்றின் மேல் அவரவர் துண்டை வைத்துத் தைத்தோம். தேனி அக்காவின் கட்டத்தில் அந்த முந்தானை முனை மேலே தைக்காமல் சும்மா விட்டிருக்கிறது. இப்போதும் சுருண்டுதான் நிற்கும்.

ஒட்டுப்போர்வையை உலகத்தில் எத்தனையோ பேர் தைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊர். ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இடம். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம். நிறைய பேருக்கு இன்றும் பெட்வே என்றுதான் குடும்பப் பெயர், அந்தத் தோட்ட முதலாளியின் பெயர் அது. 1960களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காகப் பதிவு செய்யப் போனபோது, ஆற்றைக் கடக்கிற படகை 1962இல் நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரைக்குப் போக வெகு தூரம் சுற்ற வேண்டும். படகு திரும்ப ஓடியது 2006இல். அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில், முட்டி தேய்ந்த கால்சட்டைகளில் போர்வை தைத்தார்கள். குளிருக்குத்தான் தைத்தார்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண் இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். முட்டி இருந்த இடம், பை இருந்த இடம் எல்லாம் தனி நிறமாகத் தெரியும். அவற்றை அவர் மறைக்கவில்லை. 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் நியூயார்க் அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. மகள் போனில் அந்தப் படங்களைக் காட்டியபோது, தேனி அக்கா கையில் எடுத்த முனைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்த போர்வை. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது அதில் 1,920 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. ஒரு மனிதரைப் புதைக்கிற குழியின் அளவு. பெரும்பாலானவற்றை அந்த மனிதரை நேசித்தவர்களே தைத்தார்கள். சேர்த்து ஒட்டியது மட்டும்தான் பொதுவேலை. சமூகத்தைப் பற்றிக் கலையாகத் தைக்க நினைக்கிற யாரும் இந்த அளவு விஷயத்தை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டத்தின் அளவு எங்கிருந்து வருகிறது? அவர்களுக்குக் குழியிலிருந்து வந்தது. எங்களுக்குப் பத்துக்குப் பத்து அறையிலிருந்து வந்தது.

சரி, தையலுக்கு வருகிறேன். இதே மாதிரி தைக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். 12 வீட்டுத் துணி என்றால் 12 குணம். நூல் துணி துவைத்தால் சுருங்கும், பூனம் சேலை சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவையலிலேயே போர்வை அப்பளம் மாதிரி கோணிக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் முதலில் நனைத்துத் துவைத்துக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். பனியன் துணிதான் பெரிய தொல்லை, இழுத்த பக்கம் போகும். ஆனால் எங்கள் நடையைப் பனியன் துணியில்தான் போட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், சோறு போடுவது அதுதானே. கட்டிங் டேபிளில் விழுகிற சாம்பல் நிறத் துண்டுகளாகப் பார்த்துச் சேர்த்து, அடியில் கேன்வாஸ் ஒட்டித் தைத்தோம். நைந்த துணிக்குத் தையலுக்கு விடுகிற ஓரத்தை அரை அங்குலமாவது விடுங்கள். கால் அங்குலம் விட்டால் பிரிந்து வந்துவிடும். உள்ளே பஞ்சு வைக்கவில்லை. நடுவில் ஒரு பழைய சேலை, அடியில் ஒரு பழைய சேலை, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மத்தியானம் நடையில் பாய் போட்டு உட்காருவோம். 23 ஞாயிறு ஆனது. ஒடிசா அண்ணன் தம்பி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர்கள், கை வேகம் அதிகம். பெரியவர் சொன்னார், பூரி பக்கத்தில் பிப்பிலி என்ற ஊரில் ஜகந்நாதர் தேருக்கு ஒட்டுவேலையில் விதானம் தைப்பார்கள் என்று. தஞ்சாவூரில் தேரில் தொங்கவிடுகிற தொம்பை தைப்பதும் இதே வேலைதான் என்றேன். அவர் மாங்காய் மாதிரி ஒரு வடிவம் வெட்டிக் காட்டினார். இன்று போர்வையில் குழாயடி இருக்கிற இடத்தில் தெரிகிற மாங்காய் அவருடையதுதான்.

நூல் விஷயத்தில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டுக் கட்டத்தை அந்த வீட்டு நூலில் தைக்கக்கூடாது. இன்னொரு வீட்டுச் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலில்தான் தைக்க வேண்டும். முசாபர்பூர்ப் பெண்தான் எல்லோருக்கும் நூல் உருட்டக் கற்றுக்கொடுத்தாள், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு. என் கட்டத்தில் ஓடுகிற பச்சை நூல் தேனி அக்காவின் சேலை. அவருடையதில் ஓடுகிற மஞ்சள் முசாபர்பூர்.

மகள் தமிழ் படிக்கிறாள். ஒரு ஞாயிறு பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தவள் சத்தமாக, "அம்மா, உன் போர்வை இங்கே இருக்கு" என்றாள். பொருநராற்றுப்படையில், வறுமையில் வாடிய பொருநன் உடுத்தியிருந்த கந்தலைப் பற்றி ஒரு வரி: 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. துன்னல் என்றால் தையல், சிதார் என்றால் கந்தல். அந்தத் துணியோடு பிறக்காத வேறு நூல் உள்ளே நுழைந்து நுழைந்து ஒட்டுப்போட்ட கந்தல். கரிகாலன் அதைக் களையச் சொல்லிவிட்டு மெல்லிய புதுத்துணி கொடுக்கிறான். கொடுத்தது நல்லதுதான். ஆனால் எனக்கு அந்த 'வேற்றிழை' என்ற சொல்லை விட முடியவில்லை. நைந்த துணியைச் சேர்த்துப் பிடித்தது அந்த நூல்தானே? திண்டுக்கல்லிலிருந்து வந்த நான் திருப்பூருக்கு வேற்றிழை. தேனி வேற்றிழை, ஒடிசா வேற்றிழை. எங்களைக் களைந்துவிட்டு அங்கே ஒரு துணியும் மிஞ்சாது.

எல்லாமே இனிமையாக நடந்தது என்று சொல்லமாட்டேன். தண்ணீர் பிடிக்கிற முறையில் இரண்டு வீட்டுக்குள் பேச்சே இல்லை. அடுத்தடுத்த வீடு, அதனால் அடுத்தடுத்த கட்டம். என் துணியில் அவள் துணி ஒட்டக்கூடாது என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். கட்டத்தை இடம் மாற்றினால் அது எங்கள் லைனே இல்லை. இரண்டு ஞாயிறு வேலை நின்றது. கடைசியில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்றை நடுவில் வைக்கலாம், சுவர் மாதிரி, என்றார் வேட்டிக்கரை கொடுத்த பாட்டி. அவர்களுக்கு நடுவில் மட்டும் வைத்தால் பார்க்கிற எல்லோருக்கும் சண்டை தெரியும். அதனால் எல்லா வீட்டுக்கும் நடுவில் வைத்தோம். அந்தப் பட்டையின் இந்தப் பக்கத்தை ஒருத்தியும் அந்தப் பக்கத்தை இன்னொருத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் மட்டும் கை மாறியது. இப்போதும் அவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் போர்வையைத் துவைக்கிற அன்று பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும், அப்போது வந்துவிடுவார்கள்.

ஓரம் மடித்து முடித்த பிறகு நாலு மூலையும் மொட்டையாகத் தெரிந்தது. கர்நாடகத்தில் யெல்லாப்பூர், ஹலியால் பக்கம் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள், பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். அவர்கள் தைக்கிற போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதன் மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தைப்பார்கள். பூலா, அதாவது பூ. பூ வைக்காத போர்வை முடிந்ததாகவே கணக்கில்லை அவர்களுக்கு. நாங்களும் நாலு மூலையிலும் வைத்தோம். லைன் பிள்ளைகள்தான் மடித்துக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று ஒத்தே வராது, அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தப் போர்வையைச் சுவரில் மாட்டி வைக்கலாமே என்று கேட்கிறார்கள். ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் மாட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கலை என்பதற்காகச் சுவரிலேயே இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காய்ச்சல் வந்த வீட்டுக்குப் போகும், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும், ஊரிலிருந்து விருந்தாள் வந்தால் போகும். போன மழைக்காலத்தில் ஒடிசா அண்ணனுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் அங்கேதான் இருந்தது.

அந்தப் பள்ளிச் சட்டையைக் கேட்பீர்கள். அதை வெட்டவில்லை. வெட்ட வேண்டியவர்கள் வரவில்லையே. எட்டாம் வீட்டுக் கட்டத்தில் சட்டையை அப்படியே மடித்து வைத்துத் தைத்தோம், பை மேலே தெரிகிற மாதிரி. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். நாங்கள் கேட்டபோது, இது அந்தப் பையனுடைய இடம், இருக்கட்டும் என்றார்கள். அவர்களுடைய துணியை நடையில் ஒரு துண்டாகச் சேர்த்திருக்கிறோம்.

பையின் வாயை நாங்கள் தைக்கவில்லை. லைன் பிள்ளைகள் அதில் எதையாவது போட்டு வைக்கிறார்கள். துவைப்பதற்கு முன்னால் நான் எடுத்துப் பத்திரப்படுத்துவேன். போன மாதம் பார்த்தபோது 2 புளியங்கொட்டை, ஒரு நீலப் பொத்தான், நாலாக மடித்த பஸ் டிக்கெட் ஒன்று. போர்வை காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப அதே பைக்குள் போட்டு வைத்தேன்.

வணக்கம்.